பதியாத சிறு குழுவுக்கும் பணம் உண்டு: பிரித்தானியாவில் சமூக நிதியுதவி பெறுவது எப்படி

புதன்கிழமை தோறும் முதியோரைக் கூட்டித் தேநீர் கொடுக்கிறவர்கள், சனிக்கிழமை பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக் கொடுக்கிறவர்கள், தரிசாகக் கிடந்த மூலையில் தோட்டம் போடுகிறவர்கள். பிரித்தானியாவில் இப்படிப்பட்ட குழுக்களோடு கதைத்தால் ஒரே கேள்விதான் திரும்பத் திரும்ப வரும்: "நாங்கள் சரிட்டியாகப் பதியவில்லையே, எங்களுக்கு யார் பணம் தருவார்கள்?"

தருவார்கள். சரிட்டி, அதாவது தொண்டு அமைப்பு, என்ற பதிவு எண் இல்லாத சிறு குழுவும் கேட்கக்கூடிய நிதிகள் இருக்கின்றன. வருடக்கணக்காகச் சொந்தப் பையிலிருந்து மண்டப வாடகை கட்டும் ஆட்களைப் பார்க்கும்போது எனக்கு மனம் பொறுப்பதில்லை. இந்த நிதிகள் அவர்கள் செய்கிற வேலைக்கென்றே ஒதுக்கி வைத்த பணம்.

முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது நேஷனல் லொட்டரி கொமியூனிட்டி ஃபண்ட். 1994 நவம்பரில் தொடங்கிய நேஷனல் லொட்டரியின் சீட்டு விற்பனையில் ஒரு பங்கு பொது நன்மைக்குப் போகிறது. அதில் சமூகக் குழுக்களுக்கான பகுதியைப் பிரித்துக் கொடுக்கும் பொது அமைப்பு இது. இதன் சிறு தொகைத் திட்டத்துக்கு 'அவார்ட்ஸ் ஃபோர் ஓல்' என்று பெயர். இங்கிலாந்தில் 300 பவுணிலிருந்து 20,000 பவுண் வரை, அதிகபட்சம் இரண்டு வருட வேலைக்குக் கேட்கலாம். 2023 வரை மேல் எல்லை 10,000 பவுண்தான். அந்தப் பழைய கணக்கை மனதில் வைத்துக்கொண்டு இன்றும் குறைத்துக் கேட்கிறவர்கள் உண்டு. இதற்கு முடிவுத் தேதி என்று ஒன்று கிடையாது, வருடம் முழுவதும் விண்ணப்பிக்கலாம். ஸ்கொட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து ஆகியவற்றுக்குத் தனித்தனி வடிவங்கள் இருக்கின்றன. நீங்கள் இருக்கும் நாட்டின் பக்கத்தைத்தான் படிக்க வேண்டும்.

சரி, பதிவு எண் கேட்கவில்லை என்றால் வேறு என்ன கேட்கிறார்கள்? ஒரு யாப்பு (குழுவின் எழுத்து விதிகள்), குழுவின் பெயரில் வங்கிக் கணக்கு, ஒருவருக்கொருவர் உறவில்லாத நிர்வாகிகள். கேட்க எளிதாக இருக்கும். ஆனால் நம் குழுக்கள் அதிகம் இடறி விழுவது இந்த மூன்றில்தான்.

யாப்பு என்பது பெரிய சட்டப் புத்தகம் இல்லை. குழுவின் பெயர், நோக்கம், யார் உறுப்பினராகலாம், நிர்வாக சபையை எப்படித் தெரிவு செய்வது, பணத்தை யார் கையாள்வது, கடைசியாகக் குழுவைக் கலைத்தால் மிச்சப் பணம் எங்கே போகும். இவ்வளவையும் இரண்டு மூன்று பக்கத்தில் எழுதி, கூட்டத்தில் ஏற்றுக்கொண்டு, தேதி போட்டுக் கையெழுத்து வைத்தால் போதும். சிறு குழுக்களுக்கான மாதிரி யாப்பு ஒன்றை, தொண்டு அமைப்புகளைப் பதிந்து மேற்பார்வை செய்யும் சரிட்டி கொமிஷனே வெளியிட்டிருக்கிறது. கலைக்கும் பிரிவை மட்டும் விட்டுவிடாதீர்கள். மிச்சப் பணம் உறுப்பினர்கள் கைக்குப் போகாது, இதே நோக்கமுள்ள இன்னொரு அமைப்புக்குத்தான் போகும் என்ற அந்த ஒரு வரியைத்தான் நிதி கொடுப்பவர் முதலில் தேடுவார்.

வங்கிக் கணக்கில் கவனிக்க வேண்டியது பெயர். யாப்பிலும் விண்ணப்பத்திலும் வங்கிக் கூற்றிலும் பெயர் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். ஒரு குழுவின் தாள்களை நான் மேசையில் பரப்பி வைத்துப் பார்த்தபோது, 'சங்கம்' என்ற சொல்லை ஆங்கிலத்தில் யாப்பில் ஒரு மாதிரியும் வங்கியில் இன்னொரு மாதிரியும் எழுத்துக்கூட்டி வைத்திருந்தார்கள். நமக்கு இரண்டும் ஒன்றுதான். தமிழ் தெரியாத ஓர் அதிகாரிக்கு அவை இரண்டு அமைப்புகள். அதைத் திருத்தவே அவர்களுக்குப் பல வாரங்கள் போயின. ஆகவே விண்ணப்பப் படிவத்தைத் திறப்பதற்கு முன் இதைப் பார்த்துவிடுங்கள். தனிநபர் கணக்கில் குழுவின் பணத்தை வைத்திருப்பது எவ்வளவு நேர்மையாக நடந்தாலும் ஏற்றுக்கொள்ளப்படாது.

இனி உறவு விஷயம். நம் சங்கங்கள் பெரும்பாலும் ஒரு வீட்டில்தான் பிறக்கின்றன. அண்ணன் தலைவர், அண்ணி பொருளாளர், மச்சான் செயலாளர். அதில் எந்தத் தவறான எண்ணமும் இல்லை, வேலைக்கு வந்தவர்கள் அவர்கள்தான். ஆனால் நிர்வாக சபையில் ஒருவருக்கொருவர் உறவில்லாத இரண்டு பேராவது இருக்க வேண்டும் என்பது லொட்டரி நிதியின் விதி. விண்ணப்பத்தில் பெயர் கொடுக்கும் இரண்டு தொடர்பாளர்களும் அப்படித்தான். வங்கியிலும் உறவில்லாத இருவராவது சேர்ந்து ஒப்புதல் கொடுத்தால்தான் பணம் வெளியே போகவேண்டும். இரத்த உறவு, திருமண உறவு, துணைவர் வழி உறவு, ஒரே முகவரியில் குடியிருப்பது எல்லாமே இங்கே உறவுதான். மச்சானும் மாமாவும் தப்ப முடியாது. இதைக் கேட்டு முகம் சுளித்தவர்களைப் பார்த்திருக்கிறேன், "எங்களை நம்பவில்லையா?" என்று. நான் இதை அப்படிப் பார்க்கவில்லை. பொதுப் பணத்துக்கு இரண்டாவது கண் ஒன்று இருந்தால், நாளைக்கு ஒரு பேச்சு வரும்போது அந்த அண்ணனுக்கும் அண்ணிக்கும் அதுதான் பாதுகாப்பு. புதன்கிழமை தவறாமல் வருகிற ஒரு ஓய்வுபெற்ற ஆசிரியரை, பக்கத்துத் தெரு அயலவர் ஒருவரைச் சபைக்குள் அழையுங்கள்.

சரிட்டியாக எப்போது பதிய வேண்டும் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் நோக்கம் முழுக்கத் தொண்டாக இருந்து, வருட வருமானம் 5,000 பவுணைத் தாண்டினால் சரிட்டி கொமிஷனில் பதிவது கட்டாயம். பெரிய நிதியுதவி ஒன்று கிடைத்தாலே அந்த எல்லையைத் தாண்டிவிடலாம் என்பதை நினைவில் வையுங்கள். ஸ்கொட்லாந்தில் விதி வேறு: அங்கே வருமானம் எவ்வளவாக இருந்தாலும், பதியாத அமைப்பு தன்னைச் சரிட்டி என்று சொல்லிக்கொள்ளக்கூடாது.

தாள்கள் சரியாகிவிட்டால் அடுத்தது விண்ணப்பம். இதில் நம்மவர்கள் செய்கிற தவறு, பொருளைக் கேட்பது. "எங்களுக்கு 40 நாற்காலியும் ஒரு புரொஜெக்டரும் தேவை" என்று தொடங்குகிறார்கள். நிதி கொடுப்பவர் நாற்காலிக்குப் பணம் கொடுப்பதில்லை, அந்த நாற்காலியில் வந்து உட்காரப்போகிறவருக்குத்தான் கொடுக்கிறார். அதனால் ஆளிலிருந்து தொடங்குங்கள்: "எங்கள் பகுதியில் பிள்ளைகள் வேலைக்குப் போனபின் பகல் முழுக்க வீட்டில் தனியாக இருக்கும் முதியோர் இருக்கிறார்கள். ஆங்கிலம் குறைவு, அதனால் டொக்டரின் கடிதத்தைக்கூட மாலைவரை வைத்துக்கொண்டு காத்திருக்கிறார்கள். கடந்த மார்கழியில் 31 பேரிடம் கேட்டோம். 24 பேர் வாரத்தில் ஒருநாள் வெளியே வந்து மற்றவர்களோடு இருக்க விரும்புவதாகச் சொன்னார்கள்." இந்த எண்கள் உதாரணத்துக்கு. உங்கள் எண்ணை நீங்கள் எடுக்க வேண்டும், எடுப்பதும் கடினமில்லை. ஒரு கொப்பியும் பேனாவும் கொண்டுபோய் வருகிறவர்களிடம் கேட்டால் முடிந்தது. அந்தத் திட்டத்தை அமைப்பதில் அவர்களுக்குப் பங்கு இருக்கிறதா என்றும் லொட்டரி நிதி பார்க்கும். ஆகவே நீங்கள் கேட்டதையும், அவர்கள் சொன்னதால் எதை மாற்றினீர்கள் என்பதையும் எழுதுங்கள்.

ஒரு குறிப்பிட்ட சமூகத்துக்கான சேவை என்பதால் யாரும் தள்ளிவிட மாட்டார்கள். ஏன் அவர்களுக்குத் தனியாகத் தேவைப்படுகிறது என்ற காரணம் தெளிவாக இருந்தால் போதும். கோவில், தேவாலயம், பள்ளிவாசல் சார்ந்த குழுக்களும் கேட்கலாம். ஆனால் கேட்பது எல்லோருக்கும் திறந்த மதிய உணவுக்கோ உடற்பயிற்சி வகுப்புக்கோ இருக்க வேண்டும். பூசைக்கோ மதப் போதனைக்கோ பணம் இல்லை.

செலவுக் கணக்கை உருண்டைத் தொகையாக எழுதாதீர்கள். "மண்டபம் 3,000" என்று எழுதினால் எங்கிருந்து வந்த 3,000 என்று கேட்பார்கள். அதை உடைத்துக் காட்டுங்கள். மண்டபம் மணிக்கு 22 பவுண், வாரம் 3 மணி, 40 வாரம்: 2,640. பயிற்சியாளர் ஒரு வகுப்புக்கு 45 பவுண், 40 வாரம்: 1,800. தேநீர், சிற்றுண்டி வாரம் 15 பவுண்: 600. தொண்டர்களின் பேருந்துச் செலவு வாரம் 12 பவுண்: 480. காப்புறுதி வருடம் 160. மொத்தம் 5,680 பவுண். இப்படி எழுதினால் வாசிக்கிறவருக்குக் கேள்வி எழாது, உங்களுக்கும் பிறகு செலவழிக்கும்போது வழி தெரியும். காப்புறுதி, தொண்டர் பயணம், நிர்வாகச் செலவு போன்றவற்றைக் கேட்கக் கூச்சப்பட்டு விட்டுவிடுகிறோம். விடவேண்டாம், அவை நியாயமான செலவுகள். வாட் வரியில் பதியாத குழுவாக இருந்தால் வரியையும் சேர்த்த விலையைப் போடுங்கள்.

ஏற்கெனவே செலவழித்த பணத்தைத் திருப்பித் தரமாட்டார்கள். இதை எத்தனை தரம் சொன்னாலும் தகும். பொங்கல் விழாவை நடத்தி முடித்துவிட்டு மாசியில் பற்றுச்சீட்டுகளோடு வந்தால் ஒன்றும் செய்ய முடியாது. முடிவு வர மாதங்கள் ஆகும் என்பதால் வேலை தொடங்கும் தேதிக்கு ஐந்தாறு மாதம் முன்பே விண்ணப்பத்தை அனுப்பிவிடுவது நல்லது. கடன் அடைக்க, அரசியல் வேலைக்கு, மதுபானத்துக்கு, தனிநபருக்கு இந்தப் பணம் இல்லை.

பிள்ளைகளோடு வேலை செய்கிறீர்கள் என்றால் பாதுகாப்புக் கொள்கை ஒன்று எழுத்தில் வேண்டும். பிள்ளைகளைத் தொடர்ந்து பொறுப்பில் எடுக்கும் ஆசிரியர்களுக்கு இங்கிலாந்திலும் வேல்ஸிலும் டீபீஎஸ் என்ற குற்றப் பின்னணிச் சரிபார்ப்பும் வேண்டும். சம்பளம் வாங்காத தொண்டருக்கு அரசு அதற்குக் கட்டணம் எடுப்பதில்லை. இடையில் நின்று செய்து கொடுக்கும் அமைப்பு சிறு கட்டணம் கேட்கலாம்.

லொட்டரிப் பணம் சூதாட்டப் பணம், எங்களுக்கு வேண்டாம் என்கிற குழுக்களும் இருக்கின்றன. அந்த மனத்தடையை நான் மதிக்கிறேன், வேறு வழிகள் இருக்கின்றன. உங்கள் கவுன்சிலில் சிறு நிதிகள் இருக்கலாம். பல இடங்களில் வட்டாரக் கவுன்சிலர் கையிலேயே சிறு தொகை ஒன்று இருக்கும். பெரிய கட்டடங்கள் எழும்பும் இடமென்றால் இன்னும் ஒன்று உண்டு. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சில கவுன்சில்கள் கட்டட நிறுவனங்களிடம் சமூகக் கட்டமைப்பு வரி அறவிடுகின்றன. அதில் 15 வீதம் அந்த அயலுக்கே செலவாக வேண்டும். இங்கிலாந்தில் அந்த அயலுக்கென்று அங்கீகரித்த அயல்திட்டம், அதாவது அங்கே என்ன எப்படிக் கட்டலாம் என்ற உள்ளூர்த் திட்டம், இருந்தால் 25 வீதம். சில கவுன்சில்கள் இந்தப் பங்கைக் குழுக்கள் விண்ணப்பிக்கும் நிதியாகவே திறந்து வைத்திருக்கின்றன. கவுன்சிலரிடம் நேரே கேளுங்கள், வாக்குக் கேட்டு வந்தவர்தானே.

அதைவிட, நாடு முழுவதையும் பகுதி பகுதியாகப் பிரித்துக்கொண்டு 'கொமியூனிட்டி ஃபவுண்டேஷன்' என்ற அமைப்புகள் இருக்கின்றன. பணக்காரக் குடும்பங்களும் நிறுவனங்களும் கொடுக்கும் பணத்தை அந்தந்தப் பகுதிக் குழுக்களுக்குப் பிரித்துக் கொடுப்பவை. ஒரே விண்ணப்பத்தைப் பல நிதிகளோடு பொருத்திப் பார்ப்பவையும் அவற்றில் உண்டு. கலை நிகழ்வுக்கு ஆர்ட்ஸ் கவுன்சில் இங்கிலாந்து 1,000 பவுணிலிருந்து கொடுக்கிறது. நம் முதியோரின் புலம்பெயர்ந்த கதைகளைப் பதிவு செய்ய நினைப்பவர்கள் நேஷனல் லொட்டரி ஹெரிட்டேஜ் ஃபண்டைப் பார்க்கலாம், 10,000 பவுணில் தொடங்குகிறது. இவ்வகை வேலை இன்னும் பத்து வருடம் தள்ளிப்போனால் கேட்க ஆள் இருக்காது.

நிதியுதவி அல்லாத, ஆனால் கைவிடக்கூடாத ஒன்று கிஃப்ட் எய்ட். வரி கட்டுகிற ஒருவர் 1 பவுண் நன்கொடை கொடுத்தால் வரித்துறையிடமிருந்து இன்னும் 25 பென்ஸ் வாங்கலாம். இதற்குக் குழு தொண்டு அமைப்பாக வரித்துறையில் அங்கீகாரம் பெற்றிருக்க வேண்டும், கொடுத்தவரின் உறுதிமொழியும் வேண்டும். நான்கு வருடம் வரை பின்னோக்கியும் கேட்கலாம். உண்டியலில் விழும் 30 பவுணுக்கு உட்பட்ட சில்லறைக் காசுக்குக்கூடத் தனித் திட்டம் ஒன்று இருக்கிறது: வருடம் 8,000 பவுண் வரையான காசுக்கு 2,000 பவுண் வரை கிடைக்கும்.

எழுதிக் கொடுக்கிறோம், கிடைப்பதில் ஒரு பங்கு தாருங்கள் என்று வருகிறவர்களைத் திருப்பி அனுப்பிவிடுங்கள். கிடைத்த நிதியிலிருந்து அப்படிப் பங்கு கொடுக்க நிதி கொடுப்பவர்கள் விடமாட்டார்கள். பல ஊர்களில் தொண்டுக் குழுக்களுக்கு உதவவென்றே சீவீஎஸ் என்ற உள்ளூர் ஆதரவு அமைப்பு இருக்கிறது. யாப்பை வாசித்துப் பார்ப்பது, விண்ணப்பத்தின் முதல் வரைவில் குறை சொல்வது எல்லாம் அங்கே பெரும்பாலும் இலவசம்.

பணம் வந்த பிறகு, சொன்ன வேலைக்கு மட்டுமே செலவழிக்க வேண்டும். பயிற்சியாளர் நின்றுவிட்டார், அந்தப் பணத்தில் சுற்றுலா போகலாமா என்றால் முதலில் எழுதிக் கேட்டு, சம்மதம் வந்த பிறகுதான் போகலாம். பெரும்பாலும் சம்மதிப்பார்கள். பற்றுச்சீட்டுகளை ஒரு கோப்பில் மாத வாரியாகப் போடுங்கள். ஒவ்வொரு புதன்கிழமையும் வந்தவர்களின் எண்ணிக்கையைக் கதவருகே ஒரு தாளில் குறித்து வையுங்கள். வருட முடிவில் அறிக்கை கேட்கும்போது அந்தத் தாள்கள் கையில் இருக்கும், அடுத்த விண்ணப்பத்துக்கும் அவையேதான் சாட்சி.