அருகிய இனம்: அரியதும் அருகியதும் ஒன்றா?

கொழும்பை அடுத்த தலங்கமப் பக்கம் வீடு கட்டி இருப்பவர்களிடம் ஊதா முக மந்தியைப் பற்றிக் கேட்டால், பெரும்பாலும் புகார்தான் வரும். கூரை ஓடு உடைகிறது, பலாப்பிஞ்சு மிஞ்சுவதில்லை, இப்படி. மதிலில் குந்தியிருக்கும் இந்தக் குரங்கை 'அரிய விலங்கு' என்று அங்கே யாரும் சொல்லமாட்டார்கள். ஆனால் கொழும்பையும் அதன் சுற்றுப்புறத்தையும் சேர்ந்த இந்த மேற்குத் துணையினம், எந்த உயிரினம் அழிவுக்கு எவ்வளவு நெருக்கத்தில் இருக்கிறது என்று வகைபிரிக்கும் உலக சிவப்புப் பட்டியலில் 'மிக அருகிய' பிரிவில் இருக்கிறது. அரிய, அருகிய என்ற இரண்டு சொற்களையும் மாற்றி மாற்றிப் போடும் நம் பத்திரிகை வழக்கம் இந்த இடத்தில்தான் இடறுகிறது.

அரிய என்பது அருமையிலிருந்து வருவது. எளிதில் கிடைக்காதது, செய்யக் கடினமானது, அதனாலேயே மதிப்பானது என்று அதற்குப் பல முகம். அருகு என்பது வினை. படிப்படியாகக் குறைதல், அடர்த்தி கெட்டுச் சிலவாகிப் போதல். இரண்டுக்கும் அடி 'அரு'வே என்று கொள்ளலாம். ஆனாலும் வேலை வேறு: அரிய என்றால் இப்போதைய நிலை மட்டும் தெரியும், அருகிய என்றால் முன்பு நிறைய இருந்து பிறகு குறைந்தது என்ற கதையும் கூடவே வரும். இலக்கண உரைகளைப் படித்தவர்களுக்கு 'பெருவழக்கு', 'அருகிய வழக்கு' என்ற பாகுபாடு பழக்கமானது. யாழ்ப்பாணத்தாரின் வாயில் இதன் உறவுச்சொல் ஒன்று இன்றும் உண்டு. வெள்ளவத்தைச் சந்தையில் ஒரு மரக்கறி வரத்துக் குறைந்துவிட்டால், "இப்ப அது அருந்தல்" என்பார்கள். கலைச்சொல் தேடி அகராதி புரட்டுமுன் இதையும் கொஞ்சம் காதில் வாங்கலாம்.

(அருகில் என்பதோடு குழப்பி, 'அருகிய இனம்' என்றால் பக்கத்து இனம் என்று படிக்கிறவர்களும் உண்டு. அறுகம்புல்லின் அறுகுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை; அது வல்லின ற.)

ஆங்கிலத்தில் இதற்கு ஈடாக நிற்பது என்டேஞ்சர்ட். அதற்குள் இருக்கும் டேஞ்சர் பழைய பிரெஞ்சு வழியாக வந்தது. அதற்கும் பின்னால் இருப்பது எஜமானைக் குறிக்கும் டொமினஸ் என்ற லத்தீன் சொல். ஒருவருடைய டேஞ்சரில் இருப்பதென்றால், முதலில் அவருடைய பிடியில் இருப்பது, அவர் நினைத்தால் கேடு செய்யலாம் என்பதே பொருள். ஆபத்து என்ற பொதுப்பொருள் பிறகு வந்தது. க்ரூடியா செய்லானிக்கா என்ற மரத்துக்கு அந்தப் பழைய பொருள் அப்படியே பொருந்தும். அவரைக் குடும்பத்தைச் சேர்ந்த இந்த மரம் அற்றுப்போய்விட்டது என்று இலங்கையின் 2012 தேசிய சிவப்புப் பட்டியல் குறித்தது. 2019இல் கம்பஹா மாவட்டத்தின் தரலுவையில் ஒன்று நிற்பது தெரியவந்தது. 2021இல் பார்த்தால், அது நிற்கும் இடம் அதிவேக நெடுஞ்சாலை வரும் பாதை! வெட்டுவதா விடுவதா என்று நாடே கதைத்தது.

தமிழில் என்டேஞ்சர்டுக்கு 'ஆபத்துக்குள்ளான இனம்' என்றும் எழுதுகிறார்கள். பிழையில்லை, ஆனால் ஆபத்து என்பது வெள்ளத்துக்கும் பொருந்தும், விபத்துக்கும் பொருந்தும். 'அழிந்துவரும் இனம்' என்பதோ எல்லாவற்றுக்கும் ஒரே குரலில் ஒப்பாரி வைக்கிறது. சிவப்புப் பட்டியல் அப்படிப் பேசுவதில்லை. 1964இல் தொடங்கிய அந்தப் பட்டியலில் மிக அருகிய, அருகிய, அழிவாய்ப்பு என்று மூன்று படிகள் உண்டு; மூன்றையும் சேர்த்துச் சொல்லும்போதுதான் 'அச்சுறுத்தலுக்குள்ளான இனங்கள்' என்ற குடைப்பெயர். படியைத் தீர்மானிப்பது பெரும்பாலும் கணக்கு. பத்து ஆண்டுகள் அல்லது மூன்று தலைமுறைகள், இவற்றில் எது நீளமோ அந்தக் காலத்துக்குள் எண்ணிக்கை 80 சதவீதம் சரிந்தால் மிக அருகிய, 50 என்றால் அருகிய, 30 என்றால் அழிவாய்ப்பு. இலங்கையில் 2011 கணக்கெடுப்பின்படி யானைகள் 5,879. ஆயிரக்கணக்கில் இருக்கும் ஆசிய யானை ஏன் 'அருகிய' பிரிவில் என்று கேட்பவர்களுக்குப் பதில் இந்தச் சரிவுக் கணக்கில் இருக்கிறது. மந்தி கூரையில் கூட்டமாகத் தெரிவதும் அப்படித்தான். மரங்கள் போய் வீடுகள் நெருங்கியதால் அது நம் கண்ணில் அடிக்கடி படுகிறது.

சரி, ஒருபோதும் குறையாமல், தொடக்கம் முதலே ஒரு மலையில் மட்டும் கொஞ்சமாக இருக்கும் செடியை என்ன சொல்வது? அது அரியது, அருகியதல்ல, ஏனென்றால் அது எதிலிருந்தும் குறையவில்லை. ஆனால் முதிர்ந்தவை ஐம்பதுக்கும் குறைவு என்றால் சரிவே இல்லாவிட்டாலும் பட்டியல் அதை மிக அருகிய பிரிவில் வைத்துவிடும். இந்த ஓரத்தில் நம் சொல் சற்றே உதைக்கிறது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். பட்டியலின் பழைய பிரிவுகளில் 'அரிய' என்றே தனியாக ஒன்று இருந்தது. 1994இல் எண் அளவைகள் வந்தபோது அதைக் கைவிட்டார்கள். அந்தப் பெயர் போனபிறகும் நாம் எல்லாவற்றையும் 'அரிய வகை' என்று எழுதிக்கொண்டிருக்கிறோம்.

என் தெரிவு இது: பிரிவின் பெயராக வரும்போது 'அருகிய இனம்', பொதுப்படப் பேசும்போது 'அருகிவரும்', மூன்று படிக்கும் சேர்த்து 'அச்சுறுத்தலுக்குள்ளான'. 'அரிய' என்பதை, காண்பது கடினம் என்ற இடத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம். இன்னொன்று, எந்தப் பட்டியல் என்பதையும் கூடவே எழுதவேண்டும். ஈரநிலங்களைக் காக்கும் ராம்சார் உடன்படிக்கையின் கீழ் 2018இல் ஈரநில நகரமென்ற பெயர் பெற்ற கொழும்பின் சதுப்புகளில் மீன்பிடிப் பூனை இரவில் திரிகிறது. கழுத்துப்பட்டி மாட்டி அதன் நடமாட்டத்தை ஆராய்ந்தும் இருக்கிறார்கள். உலகப் பட்டியலில் 2016இலிருந்து அது அழிவாய்ப்பு இனம், இலங்கையின் 2012 பட்டியலில் அருகிய இனம். 'அரிய வகைப் பூனை' என்று செய்தி போட்டால் இந்த இரண்டில் ஒன்றும் வாசகருக்குப் போய்ச் சேராது.