ரத்தப்போக்கு மாத்திரையால் ப்ரியான் நோய் வருமா?

கோத்தகிரி வாசகி ஒருவரின் கேள்வி இது. மாதவிடாயில் ரத்தப்போக்கு அதிகம் என்று டாக்டர் ட்ரானெக்சாமிக் அமில மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறார். அது மூளையில் ப்ரியான் நோயைக் கொண்டுவரும் என்று வாட்ஸ்அப்பில் வந்ததாம். சாப்பிடலாமா?

ப்ரியான் என்பது தவறாக மடிந்த ஒரு புரதம். நரம்பு செல்களில் இருக்கும் அதன் நல்ல வடிவத்தையும் தன்னைப்போலவே மடக்கிவிடும். இதனால் வரும் க்ராய்ட்ஸ்ஃபெல்ட்-யாகோப் நோய் ஆண்டுக்குப் பத்து லட்சத்தில் ஓரிருவரைத் தாக்குகிறது. குணப்படுத்த மருந்து இல்லை.

ரத்தம் உறையும்போது ஃபைப்ரின் இழைகள் பின்னிக்கொள்ளும். பிறகு பிளாஸ்மின் என்ற நொதி அவற்றை அறுத்துக் கரைக்கும். மருந்து தடுப்பது இந்தக் கரைதலை. (தேயிலைத் தோட்டத்து அட்டைக் கடிக்கு இதைத் தேட வேண்டாம். அட்டையின் எச்சில் உறைதலையே தடுக்கிறது. அது வேறு கதை.)

தடுக்கும் விதம்தான் அழகு. பிளாஸ்மினின் முன்வடிவமான பிளாஸ்மினோஜனில் ஐந்து வளையங்கள் உண்டு. அவற்றில் சிறு பள்ளங்கள். பள்ளத்தின் ஒரு முனையில் எதிர் மின்னூட்டம், மறுமுனையில் நேர் மின்னூட்டம். ஃபைப்ரினில் துருத்தி நிற்கும் லைசின் என்ற அமினோ அமிலம் இதற்குள் உட்கார்ந்தால்தான் அறுக்கும் வேலை தொடங்கும். ட்ரானெக்சாமிக் அமிலத்தில் கார்பன் அணுக்கள் எட்டே எட்டு. நடுவே ஒரு வளையம், எதிரெதிர் முனைகளில் நேர் மின்னூட்டமுள்ள அமினோவும் எதிர் மின்னூட்டமுள்ள கார்பாக்சிலும். முனைகளுக்கு இடையிலான தூரம் பள்ளத்துக்கு அளவெடுத்ததுபோல் பொருந்துகிறது. லைசினுக்கு இடமில்லாமல் போகிறது. இதே மூலக்கூறில் இரு முனைகளும் வளையத்தின் ஒரே பக்கம் அமைந்த வடிவத்துக்கு இந்தத் திறமை கிடையாது.

2000-இல் சூரிச் ஆய்வாளர்கள் நேச்சர் இதழில் எழுதியது: பிளாஸ்மினோஜன் நோயுற்ற ப்ரியானோடு ஒட்டுகிறது, நல்ல வடிவத்தோடு ஒட்டுவதில்லை, லைசினைச் சேர்த்தால் அந்தப் பிணைப்பு விட்டுப்போகிறது. பிளாஸ்மினோஜன் இருந்தால் ப்ரியான் பெருகுவது கூடுகிறது என்று 2010-இல் இன்னொரு சோதனைக்குழாய் ஆய்வு சொன்னது. அப்படியானால், லைசினின் இடத்தைப் பிடிக்கும் மருந்து ப்ரியானுக்கும் குறுக்கே நிற்குமா என்று கேட்கத் தோன்றும். அதாவது தொடர்பு இருந்தாலும் அது வாட்ஸ்அப் சொன்னதற்கு நேர்மாறு. அதற்காக இதை ப்ரியான் மருந்தாக நினைத்துவிடவும் கூடாது. சோதனைக்குழாய் வேறு, மனித மூளை வேறு. காப்புரிமை முடிந்த மலிவு மருந்தை இந்தக் கோணத்தில் ஆராய எந்தக் கம்பெனி பணம் போடும்? அரசு நிதிதான் வர வேண்டும்.

பயத்துக்குக் கொஞ்சம் நியாயம் அப்ரோடினின் என்ற மருந்து விஷயத்தில் உண்டு. அதுவும் ரத்தக்கட்டு கரைவதைத் தடுப்பதுதான், ஆனால் மாட்டு நுரையீரலிலிருந்து எடுத்த புரதம்; ப்ரியான் நோய் மாடுகளுக்கும் வரும். குன்னூர் பாஸ்டர் நிலையத்தில் ஒருகாலத்தில் ஆட்டு மூளையிலிருந்து நாய்க்கடித் தடுப்பூசி தயாரித்ததை அறிந்தவர்களுக்கு, மூலப்பொருள் எதுவென்ற கேள்வி புரியும். ட்ரானெக்சாமிக் அமிலமோ ரசாயன ஆலையில் பிறப்பது. அதில் புரதமே இல்லை.

கால் ரத்தக்குழாயிலோ நுரையீரலிலோ ரத்தக்கட்டு வந்தவர்கள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், கருத்தடை மாத்திரை சாப்பிடுபவர்கள் டாக்டரிடம் அதை முதலில் சொல்ல வேண்டும். இந்த மருந்தால் நரம்பு மண்டலத்துக்கு நிஜ ஆபத்து ஆபரேஷன் தியேட்டரில் இருக்கிறது. முதுகுத்தண்டில் போடும் மயக்க மருந்து என்று நினைத்து இதன் ஆம்பூலை (ஊசி மருந்துள்ள கண்ணாடிக் குப்பியை) மாற்றி ஏற்றிவிட்டால், நரம்புகளை அடக்கிவைக்கும் ஏற்பிகள் முடங்கிக் கடும் வலிப்பு வரும், உயிரும் போகலாம். இரண்டு ஆம்பூல்களையும் வெவ்வேறு இடத்தில் வைத்து, உடைக்கும் முன் லேபிளை வாய்விட்டுப் படிக்க வேண்டும்.