எம்பதி: அனுதாபமா, ஒத்துணர்வா?

ஆங்கிலத்தின் எம்பதியை (empathy) தமிழில் ‘அனுதாபம்’ என்று எழுதுவது பரவலான பிழை. அடுத்தவர் துன்பத்தைப் பார்த்து நாம் வருந்துவது அனுதாபம். அவர் உணர்வது நமக்கும் உறைப்பது எம்பதி. ‘அவங்க இடத்துல இருந்து பாரு’ என்று வீட்டில் சொல்வோமே, அது. பச்சாதாபம் இன்னும் தள்ளி நிற்கிறது: வடமொழியில் அது, செய்துவிட்டுப் பின்னால் வருந்துவது.

எம்பதியின் மூலச்சொல் பிறந்தது கலை பற்றிய சிந்தனையில். ஓவியத்துக்குள் பார்ப்பவர் தன் உணர்வைச் செலுத்துவதை 1873இல் தத்துவ அறிஞர் ராபர்ட் விஷர் ஜெர்மனில் ‘ஐன்ஃபூலுங்’ என்றார். இன்னொரு ஜெர்மன் தத்துவ அறிஞர் தியோடர் லிப்ஸ் அதை மனிதர்களுக்கும் நீட்டினார். 1909இல் உளவியலாளர் எட்வர்ட் டிட்சனர், கிரேக்க வேரைக் கொண்டு ஆங்கிலத்தில் ‘எம்பதி’ ஆக்கினார். இன்றைய கிரேக்க மொழியிலோ ‘எம்பாத்தியா’ என்றால் காழ்ப்பு!

காழ்ப்புக்கும் எம்பதிக்கும் இடையில் வளர்ந்தவர் அமெரிக்கர் ஸாக் இப்ராஹிம். 1990 நவம்பரில் நியூயார்க்கில் யூத மதகுரு மெயர் கஹானேயைச் சுட்டுக் கொன்ற எல் சையித் நொசைர் இவருடைய தந்தை. சிறையில் இருந்தபடியே 1993 உலக வர்த்தக மையக் குண்டுவெடிப்புச் சதியிலும் அவருக்குப் பங்கு உண்டு. அதில் ஆறு பேர் இறந்தார்கள். மகனுக்குக் கொலை நடந்தபோது வயது ஏழு. பின்னாளில் பெயரை மாற்றிக்கொண்டார், 2014இல் மேடையேறித் தன் கதையைச் சொன்னார். பள்ளியில் அடியும் கேலியும் பட்டதுதான் பிறர் வலியை உணரவைத்தது என்கிறார். ‘தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால் தெரியும்’ என்பது இதற்குப் பொருந்தும், ஆனால் பாதிதான். அடிபட்ட எல்லாரும் இப்படி ஆவதில்லை, திருப்பி அடிக்கக் கற்பவர்களும் உண்டு. இவருக்கு மீதிப் பாதி நேரடிப் பழக்கத்தில் வந்தது: இளையோர் மாநாட்டில் நண்பனானவன் யூதன் என்று பிறகே தெரிந்தது, ஃபுளோரிடா கேளிக்கைப் பூங்கா வேலையில் தன்பால் ஈர்ப்புள்ளவர்களோடு பழகினார். வெறுக்கக் கற்பிக்கப்பட்டவர்கள் முகமும் பெயரும் உள்ளவர்களாக ஆனார்கள். இதைக் கேட்ட தாய், ‘மனிதர்களை வெறுத்து அலுத்துவிட்டது’ என்றாராம்.

தமிழில் பொருத்தமானது ‘ஒத்துணர்வு’, வினையாக ‘ஒத்துணர்ந்தாள்’. ஒரு சிக்கல்: ‘ஒத்து’ என்றதும் ஒத்துக்கொள்வது, ஒத்துப்போவது நினைவுக்கு வரும். தந்தையின் மனம் எப்படி இறுகியது என்று மகன் புரிந்துகொள்வது ஒத்துணர்வு. அவர் செய்தது சரி என்பது ஒத்துக்கொள்வது. குழப்பம் வரும் இடத்தில் ‘பிறர்நிலை உணர்தல்’ என்று விரித்து எழுதலாம். ‘பரிவு’ அழகான சொல்தான், ஆனால் அதில் அன்பு கலந்துவிடுகிறது. தந்தையைப் பற்றிய வாக்கியத்தில் அதைப் போடும் முன் ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள்.