பழைய வீடு, பழைய கல்: தொல்பொருள் சட்டம் என்ன சொல்கிறது?

இலங்கையில் பழஞ்சின்னங்களுக்கான அடிப்படைச் சட்டம் 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருள் கட்டளைச்சட்டம். 1998இல் அதைத் திருத்தினார்கள். அதில் முக்கியமான தேதி 1815 மார்ச் 2, கண்டி இராச்சியம் பிரித்தானியரிடம் போன நாள். அதற்கு முந்தியவை தொல்பொருள் என்ற வரையறைக்குள் வரும்.

யாழ்ப்பாணத்தில் சிக்கல் அங்கேதான். கோட்டைக்குப் பிரச்சினை இல்லை, அது போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலத்தது. நடுவில் முற்றம் வைத்துக் கட்டிய நம் நாற்சார் வீடுகளில் மிச்சமிருப்பவை பெரும்பாலும் 1815க்குப் பிந்தியவை. அவற்றுக்குப் பாதுகாப்பு வேண்டுமென்றால் அமைச்சர் அரசின் அறிவித்தல் ஏடான வர்த்தமானியில் தனியாகக் கட்டளை வெளியிட வேண்டும். கேட்காமல் அது நடக்காது. சனசமூக நிலையமோ கோயில் பரிபாலன சபையோ படங்களோடு தொல்பொருள் திணைக்களத்துக்கு எழுதி, பிரதேச செயலாளருக்கும் ஒரு பிரதி கொடுப்பது நல்லது.

"வர்த்தமானியில் போட்டால் காணி போய்விடும்" என்ற பயம் ஊரில் பரவலாக உண்டு. வன்னியில் தொல்பொருள் இடங்களைச் சுற்றிக் காணி, வழிபாட்டுத் தகராறு எழுந்த குருந்தூர்மலை, வெடுக்குநாறிமலை விவகாரங்களைப் பார்த்தவர்கள் அப்படிப் பயப்படுவதில் ஆச்சரியமில்லை. ஆனால் தனியார் காணியிலுள்ள சின்னத்தைப் பாதுகாக்கப்பட்டதாகப் பிரகடனம் செய்வதால் மட்டும் காணி உறுதி கைமாறாது. காணி சுவீகரிப்பு வேறு சட்டம், வேறு நடவடிக்கை. பிரகடனத்துக்கு முன் ஆட்சேபம் சொல்லவும் இடமுண்டு. ஆனால் பிரகடனம் வந்த பிறகு அனுமதியில்லாமல் இடிக்கவோ மாற்றவோ திருத்தவோ முடியாது. உரிமையாளருக்குச் சுமை அதுதான், அதை மறைத்துக் கையெழுத்து வாங்கக் கூடாது.

கிணறு வெட்டும்போது பழைய காசோ ஓடோ வந்தால் கிராம அலுவலரிடமோ பொலிஸிலோ சொல்லுங்கள். மண்ணுக்குள்ளிருந்து வரும் தொல்பொருள் அரசுக்குரியது. அனுமதிப்பத்திரம் இல்லாமல் தேடி அகழ்வது குற்றம். 1980இல் யாழ்ப்பாணத்து ஆனைக்கோட்டையில் எழுத்துப் பொறித்த முத்திரை முறையான அகழாய்வில் வந்ததால்தான், எந்தப் புதைகுழியில், எதனோடு இருந்தது என்று இன்றும் சொல்ல முடிகிறது.

கோயில்காரருக்கும் ஒன்று: திருப்பணியில் பழைய கல்லைப் பெயர்த்துக் கொங்கிறீட் போடுமுன் அதில் எழுத்து இருக்கிறதா என்று பாருங்கள், படமெடுங்கள்.

சரி, உங்கள் ஊர்ச் சின்னம் வர்த்தமானியில் இருக்கிறதா? 2016ஆம் ஆண்டின் தகவலறியும் உரிமைச் சட்டத்தின்படி திணைக்களத்தின் தகவல் அலுவலரிடம் எழுத்தில் கேளுங்கள். தருவதா இல்லையா என்ற முடிவை 14 வேலைநாளுக்குள் அறிவிக்க வேண்டும்.