35 எடுத்தால் பாஸ், சரி. அப்புறம்?

ரிசல்ட் வந்த மறுநாள் எங்கள் பள்ளி வராந்தாவில் இரண்டு வகையான பெற்றோர் நிற்பார்கள். பெயிலான பிள்ளையோடு வந்து என்ன செய்வதென்று தெரியாமல் நிற்பவர்கள் ஒரு பக்கம், பாஸான பிள்ளையோடு மிட்டாய்ப் பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு டிசி வாங்க நிற்பவர்கள் இன்னொரு பக்கம். உண்மையைச் சொன்னால், எனக்குக் கவலை அதிகம் இந்த இரண்டாம் கூட்டத்தில் சிலரைப் பார்த்துத்தான். பெயிலான பிள்ளைக்கு என்ன வழி என்று என்னால் ஐந்து நிமிடத்தில் சொல்லிவிட முடியும். கணிதத்தில் 36, இயற்பியலில் 38, வேதியியலில் 40 வாங்கி "பாஸ்" ஆகிவிட்டு, "சாரே, கம்ப்யூட்டர் இஞ்சினியரிங்குக்குப் போடணும்" என்று சிரித்துக்கொண்டே வரும் பையனிடம் என்ன சொல்வது?

நான் கன்னியாகுமரி மாவட்டத்தில் விளவங்கோடு பக்கம் ஓர் அரசு உதவிபெறும் மேல்நிலைப் பள்ளியில் முதுகலை ஆசிரியர். உயர்கல்வி வழிகாட்டி வேலையும் என் தலையில்தான். இங்கே வருகிற பெற்றோரில் ரப்பர் பால் வெட்டப் போகிறவர்கள், கடலுக்குப் போகிறவர்கள், கணவர் வளைகுடாவில் இருக்க ஒற்றை ஆளாகப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் அம்மாக்கள் என்று எல்லாரும் உண்டு. படிப்பின் அருமை இவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை; பத்தாம் வகுப்பு தேர்ச்சி விகிதத்தில் நம் மாவட்டம் முன்வரிசையில் நிற்பது புதிதும் இல்லை. ஆனால் மார்க் கணக்கு எப்படிப் போடப்படுகிறது, எந்த மார்க் எந்தக் கதவைத் திறக்கும் என்பதைப் பிள்ளை பிளஸ் டூ முடித்த பிறகுதான் விசாரிக்கிறார்கள்.

மேலே சொன்ன பையனின் கதையையே எடுத்துக்கொள்வோம். தமிழ்நாடு பாடத்திட்டத்தில் ஒவ்வொரு பாடத்திலும் 100க்கு 35 வாங்கினால் தேர்ச்சி. அது பள்ளிக்கல்வியின் கோடு. அண்ணா பல்கலைக்கழகத்தின் கீழ் வரும் கல்லூரிகளுக்கான பொறியியல் கலந்தாய்வுக்கு வேறு கோடு: கணிதம், இயற்பியல், வேதியியல் மூன்றும் சேர்த்து சராசரி பொதுப் பிரிவுக்கு 45 சதவீதம், பிற்படுத்தப்பட்டோர், மிகவும் பிற்படுத்தப்பட்டோர், பட்டியல் இனத்தவர், பழங்குடியினருக்கு 40 சதவீதம். இவனுடைய சராசரி 38. கட்ஆஃப் எவ்வளவு குறைந்தாலும், எந்தக் கல்லூரியில் எத்தனை இடம் காலியாகக் கிடந்தாலும் இவன் விண்ணப்பிக்கவே தகுதி இல்லாதவன். சரி, திரும்ப எழுதி மார்க்கைக் கூட்டிக்கொள்ளலாமா என்றால் அதுவும் இல்லை. பாஸான பாடத்தை மறுபடி எழுதும் முறையை மாநிலப் பாடத்திட்டத்தில் எடுத்துப் பல வருடம் ஆகிறது. இவனோடு பெஞ்சில் உட்கார்ந்து படித்து கணிதத்தில் 30 வாங்கிப் பெயிலான கூட்டுக்காரன் ஜூன், ஜூலையில் நடக்கும் துணைத் தேர்வில் 60 வாங்கி, பொறியியலில் நடக்கும் துணைக் கலந்தாய்வுக்குப் போகலாம். பாஸானவன் வெளியே நிற்கிறான்! இது நியாயமா என்று கேட்டால் நியாயமில்லை என்றுதான் சொல்வேன், ஆனால் விதி இன்றைக்கு அப்படித்தான் இருக்கிறது.

அதற்காக வேண்டுமென்றே பெயிலாகச் சொல்லவில்லை. (போன வருடம் ஓர் அப்பா அப்படித்தான் புரிந்துகொண்டு "அப்போ பேப்பரை வெறுமனே குடுத்துட்டு வரச் சொல்லட்டா சாரே?" என்று கேட்டார்.) பாஸ் மார்க்கைக் குறிவைத்துப் படிப்பிக்காதீர்கள் என்கிறேன். அந்தப் பையனுக்கும் வழி அடைந்துபோகவில்லை: அறிவியல் பிரிவில் பிளஸ் டூ முடித்தவர்கள் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம், நாகர்கோவில் கோணத்திலேயே அரசு பாலிடெக்னிக் இருக்கிறது, டிப்ளமோ முடித்துவிட்டு பி.இ. இரண்டாம் ஆண்டுக்குப் போகலாம். வருடம் கூடும், அவ்வளவுதான். நர்சிங்கும் இதே கதைதான். நம் ஊரில் வீட்டுக்கொரு நர்ஸ் என்று சொன்னாலும் தப்பில்லை. அந்த பி.எஸ்சி. நர்சிங்குக்குப் பொதுப் பிரிவில் இயற்பியல், வேதியியல், உயிரியல் சேர்த்து 45 சதவீதம் வேண்டும். நீட் எழுதுகிறவர்களுக்கோ பிளஸ் டூவில் இதே பாடங்களில் பொதுப் பிரிவுக்கு 50, இட ஒதுக்கீட்டுப் பிரிவுகளுக்கு 40. நீட்டில் நல்ல மார்க் வாங்கினால் பிளஸ் டூ மார்க்கே வேண்டாம் என்று யாரோ வாட்ஸப்பில் சொன்னதை நம்பிக்கொண்டு வருகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

இனி, பாஸ் மார்க்கும்கூட வெறும் 35 இல்லை. பத்தாம் வகுப்பு அறிவியலில் எழுத்துத் தேர்வு 75, செய்முறை 25. எழுத்துத் தேர்வில் குறைந்தது 20 வேண்டும், செய்முறையில் குறைந்தது 15 வேண்டும், இரண்டும் சேர்ந்து 35 வேண்டும். செய்முறையில் முழுசாக 25 வாங்கிய பிள்ளை எழுத்துத் தேர்வில் 19 எடுத்தால் மொத்தம் 44, ஆனால் பெயில். "44 இருக்கே, மெஷின் தப்பா போட்டிருக்கும்" என்று மறுகூட்டலுக்குப் பணம் கட்ட ஓடுவார்கள். மெஷின் சரியாகத்தான் போட்டிருக்கிறது. மறுபக்கம், செய்முறை நடக்கும் நாளில் பாட்டி வீட்டுக் கல்யாணம் என்று பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போகிற வீடுகளும் உண்டு. அந்தப் பிள்ளை எழுத்துத் தேர்வில் 60 எடுத்தாலும் அறிவியலில் தேர்ச்சி கிடையாது.

பிளஸ் டூவில் செய்முறை உள்ள பாடங்களுக்கு எழுத்துத் தேர்வு 70, செய்முறை 20, அக மதிப்பீடு 10. எழுத்தில் 15 கட்டாயம், மொத்தம் 35. செய்முறை இல்லாத பாடங்களுக்கு எழுத்து 90, அக மதிப்பீடு 10, எழுத்தில் 25 கட்டாயம். இதை வீட்டில் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பாருங்கள். தமிழில் அக மதிப்பீடு பத்துக்குப் பத்து கிடைத்தால் எழுத்தில் 25 போதும்; அங்கே 7 தான் என்றால் எழுத்தில் 28 வேண்டும். 25 எடுத்தால் பாஸ் என்று பிள்ளைகள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டு திரிவது பத்துக்குப் பத்து வாங்கியவனுக்கு மட்டுமே பொருந்தும்.

அந்த அக மதிப்பீட்டில் வருகைப்பதிவுக்கு 2, பள்ளியில் வைக்கும் தேர்வுகளுக்கு 4, ஒப்படைப்பு அல்லது களப்பயணம் போன்றவற்றுக்கு 2, கல்வி இணைச் செயல்பாடுகளுக்கு 2 என்று பிரித்திருக்கிறார்கள். பல பள்ளிகள் எல்லாருக்கும் பத்தை அப்படியே தூக்கிக் கொடுத்துவிடுகின்றன என்பது ஊரறிந்த ரகசியம். பிள்ளைக்கு நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் பள்ளி தருகிற 30 மார்க்கும் நிரம்பி வழிய, இயற்பியலில் 52 வாங்கிய பிள்ளை உண்மையில் எழுபதுக்கு 22 எழுதியிருக்கிறது என்பது வீட்டில் யாருக்கும் தெரியாமலே போய்விடுகிறது. மார்க் லிஸ்டைப் பார்க்கும்போது மொத்தத்தை விடுங்கள். எழுத்துத் தேர்வின் கட்டத்தைப் பாருங்கள். காலாண்டு, அரையாண்டு விடைத்தாள்களையும் கேட்டு வாங்கிப் பாருங்கள், எந்த ஆசிரியரும் கோபித்துக்கொள்ள மாட்டார்.

பிளஸ் ஒன்னைப் பற்றி ஒரு வார்த்தை, இது கொஞ்சம் நீண்டாலும் நீளட்டும். பிளஸ் ஒன் பாடத்தை அப்படியே தள்ளிவிட்டு இரண்டு வருடமும் பிளஸ் டூ புத்தகத்தையே மனப்பாடம் செய்விக்கும் பழக்கம் தனியார் பள்ளிகளில் வேரோடியிருந்த காலத்தில், அதை உடைக்கத்தான் 2017-18 கல்வியாண்டில் பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு கொண்டு வந்தார்கள். அதே சமயத்தில் 1200 மார்க் 600 ஆனது, மாநில அளவில் முதலிடம் இரண்டாமிடம் என்று அறிவிக்கிற வழக்கமும் நின்றது. 2025 ஆகஸ்டில் வந்த மாநிலக் கல்விக் கொள்கைப்படி 2025-26 முதல் பிளஸ் ஒன் பொதுத்தேர்வு இல்லை, பள்ளியே தேர்வு வைத்துக்கொள்ளும். மூன்று வருடம் தொடர்ச்சியாகப் பொதுத்தேர்வு எழுதிய பிள்ளைகளின் முகத்தைப் பார்த்தவன் என்ற முறையில் இந்த முடிவு எனக்குச் சம்மதம்தான். ஆனால் பழைய பழக்கம் திரும்பி வரும் என்ற பயமும் இருக்கிறது. ஜே.இ.இ., நீட் இரண்டிலும் பதினொன்றாம் வகுப்புப் பாடங்களிலிருந்து கேள்வி வருகிறது. பொறியியல் முதல் செமஸ்டர் கணிதத்தில் தடுமாறும் பிள்ளைகளை விசாரித்தால் பாதிக் கதை பிளஸ் ஒன்னில்தான் தொடங்கும். ஜூலையிலேயே பிளஸ் டூ புத்தகம் கையில் கொடுத்தால் பெற்றோர் போய்க் கேளுங்கள். பழைய முறையில் பிளஸ் ஒன் அரியர் வைத்திருப்பவர்கள், பொதுத்தேர்வு போனதால் அரியரும் போய்விட்டது என்று எண்ணிக்கொண்டு இருக்காதீர்கள், அதை எழுதி முடித்தே ஆக வேண்டும்.

களியக்காவிளை தாண்டினால் கேரளம் என்பதால் நமக்கு இன்னொரு குழப்பமும் கூடுதல். பாறசாலையில் மாமா பிள்ளை எல்லாப் பாடத்திலும் ஏ பிளஸ், நம் பிள்ளை 460 தான் என்று வீட்டில் சண்டை. கேரள எஸ்.எஸ்.எல்.சி.யில் கிரேடு மட்டும்தான். 90 சதவீதம் தொட்டால் ஏ பிளஸ், 30 சதவீதம் தொட்டால் டி பிளஸ், அதுவே தேர்ச்சி. எழுத்துத் தேர்வில் தனியாக 30 சதவீதம் வேண்டும் என்ற விதியை 2024-25இல் எட்டாம் வகுப்பில் தொடங்கி, 2026-27இல் பத்தாம் வகுப்புக்குக் கொண்டுவருவதாக அங்கே அறிவித்திருக்கிறார்கள். அங்கே ஏ பிளஸ் என்பதில் 90ம் இருக்கலாம் 100ம் இருக்கலாம். சி.பி.எஸ்.இ. வேறு வகை: தேர்ச்சி 33, பிளஸ் டூவில் எழுத்திலும் செய்முறையிலும் தனித்தனியாக 33 சதவீதம் வேண்டும். அங்கே ஏ ஒன் என்பது இத்தனை மார்க் என்று நிலையாக இல்லை, அந்தப் பாடத்தில் தேர்ச்சி பெற்றவர்களில் மேலே உள்ள எட்டில் ஒரு பங்குக்கு ஏ ஒன் என்று கணக்கு. ஆக, மூன்று பாடத்திட்டத்து மார்க் லிஸ்டையும் ஒரே மேஜையில் வைத்து ஒப்பிடுவது வீண் வேலை. பத்துக்குப் பிறகு அந்தப் பக்கம் பிளஸ் ஒன் சேர்க்கிறவர்கள் ஒன்றை மட்டும் தெரிந்துகொண்டு சேருங்கள்: கேரளத்தில் முதல் வருட மார்க்கும் இரண்டாம் வருட மார்க்கும் சேர்ந்துதான் 1200. முதல் வருடம் சும்மா இருந்துவிட்டு இரண்டாம் வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்பது அங்கே நடக்காது.

நம் மாவட்டத்தில் அரசு உதவிபெறும் பள்ளிகள் அதிகம். என் பள்ளியும் அதுதான். அதனால் இதைச் சொல்ல எனக்குக் கொஞ்சம் சங்கடம்தான், ஆனாலும் சொல்கிறேன். மருத்துவம், பொறியியல் போன்ற தொழிற்படிப்புகளில் உள்ள 7.5 சதவீத உள் ஒதுக்கீடு ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு. உதவிபெறும் பள்ளியில் படித்தவர்களுக்கு அது கிடையாது. சர்ச் பள்ளியும் சர்க்கார் பள்ளியும் சம்பளம் அரசு தருவதால் ஒன்றுதான் என்று நினைத்துக்கொண்டு, பிளஸ் டூ முடித்தபிறகு அந்தக் கட்டத்தை டிக் செய்ய வருகிறவர்கள் வருடா வருடம் உண்டு. ஆறாம் வகுப்பில் சேர்க்கும் அன்றே இது தீர்மானமாகிவிடுகிறது. உயர்கல்வி படிக்கும்போது மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்கள் உதவிபெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் உண்டு. ஆங்கில வழிப் பிரிவுக்கு மாற்றும்போது இந்த ஆயிரம் ரூபாயும், நாளைக்கு அரசு வேலையில் தமிழ் வழிக்கு உள்ள 20 சதவீத முன்னுரிமையும் சேர்ந்தே போகின்றன என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள். அதன் பிறகும் ஆங்கில வழிதான் வேண்டும் என்றால் உங்கள் விருப்பம்.

பெயிலான பிள்ளைகள் விஷயத்துக்கு வருவோம். முதலில், திட்டாதீர்கள், பிள்ளையைத் தனியாகவும் விடாதீர்கள். பெயிலான பாடத்தை மட்டும் துணைத் தேர்வில் எழுதினால் போதும், அதே வருடம் பிளஸ் ஒன்னிலோ கல்லூரியிலோ சேர்ந்துவிடலாம். பிளஸ் டூவில் மார்க்கில் சந்தேகம் இருந்தால் முதலில் விடைத்தாள் நகலுக்கு விண்ணப்பியுங்கள். அதைப் பாட ஆசிரியரிடம் காட்டிவிட்டு மறுகூட்டலா மறுமதிப்பீடா என்று முடிவு செய்யுங்கள். மறுமதிப்பீட்டில் மார்க் குறையவும் கூடும். இதற்கெல்லாம் கிடைக்கிற நாள் சொற்பம், துணைத் தேர்வு விண்ணப்பமும் அதே வாரங்களில் வரும், எனவே நகல் வரட்டும் என்று காத்திருந்து துணைத் தேர்வைக் கோட்டை விடாதீர்கள்.

குளச்சல், தூத்தூர் பக்கத்துப் பையன்கள் சிலர் பத்தாம் வகுப்பில் ஒரு பாடம் போனதும் கடலுக்குப் போய்விடுவார்கள், நாலைந்து வருடம் கழித்து பாஸ்போர்ட், வேலை என்று வரும்போது சான்றிதழ் தேடி வருவார்கள். தனித்தேர்வராக எழுதலாம், வயது ஒரு தடையே இல்லை. ஆனால் அறிவியல் செய்முறை முடிக்காதவர்கள் அதற்கான பயிற்சி வகுப்புக்கு முன்கூட்டியே பதிவு செய்து 80 சதவீதம் வந்திருக்க வேண்டும், தேர்வுக்குப் பத்து நாள் முன்னால் வந்து நின்றால் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது. பத்து முடித்து இரண்டு வருட ஐ.டி.ஐ. படித்தவர்கள் பிளஸ் டூ தமிழும் ஆங்கிலமும் மட்டும் எழுதித் தேறினால் பிளஸ் டூவுக்கு இணை என்று தமிழ்நாட்டில் ஏற்பாடு இருக்கிறது. இது தெரியாமலே வெல்டராகவும் ஃபிட்டராகவும் இருந்துகொண்டு பட்டப்படிப்பு ஆசையை மூட்டைகட்டி வைத்தவர்கள் உண்டு.

கடைசியாக, எழுத்துக்கூட்டிப் படிக்கச் சிரமப்படும் பிள்ளைகள், காது கேளாத, பார்வை குறைந்த பிள்ளைகள். இவர்களுக்குக் கூடுதலாக ஒரு மணி நேரம், சொல்வதை எழுத ஓர் ஆள், சிலருக்கு ஒரு மொழிப்பாடத்திலிருந்து விலக்கு என்று சலுகைகள் இருக்கின்றன. "ஊர்ல நாலு பேருக்குத் தெரிஞ்சா என்ன நினைப்பாங்க" என்று சான்றிதழே வாங்காமல் இருந்துவிட்டு பிப்ரவரியில் கேட்டால் கிடைக்காது. ஒன்பதாம் வகுப்பிலேயே மருத்துவச் சான்றிதழை வாங்கி வைத்துக்கொண்டு, பத்தாம் வகுப்பு தொடங்கியதும் தலைமையாசிரியரிடம் விண்ணப்பத்தைக் கொடுத்துவிடுங்கள், கொடுத்ததற்கு ஒரு நகலில் கையெழுத்தும் வாங்கிக்கொள்ளுங்கள்.