கிளட்சை விடுமுன் எஞ்சின் தானே கொடுத்துக்கொள்ளும் ரேஸ்

நிசான் 370 இஸட் ஸ்போர்ட்ஸ் காரை மூன்றாம் கியரில் 4,000 ஆர்பிஎம்மில் (எஞ்சின் நிமிடத்துக்குச் சுழலும் சுற்று) ஓட்டினால் வேகம் மணிக்குச் சுமார் 85 கி.மீ. இருக்கும். எதிரே கூர்மையான வளைவு. இரண்டாம் கியருக்கு இறங்க வேண்டும். கியர்பாக்ஸிலிருந்து வெளியேறும் தண்டு ஒரு சுற்று சுற்ற எஞ்சின் எத்தனை சுற்று சுற்றுகிறது என்பதுதான் கியர் விகிதம். இந்தக் காரின் மூன்றாம் கியர் விகிதம் 1.624, இரண்டாவது 2.324. பெரியதைச் சிறியதால் வகுத்து 4,000-ஆல் பெருக்கினால் 5,700 சொச்சம் வரும். அதாவது அதே வேகத்தில் கியரை மட்டும் இறக்கினால் எஞ்சின் நிமிடத்துக்கு 1,700 சுற்று கூடுதலாகச் சுழன்றாக வேண்டும். பற்சக்கரங்களின் கணக்கு இது, பேரம் பேச முடியாது.

ஆனால் நடப்பதோ நேர்மாறு. கிளட்சை மிதித்து ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததுமே எஞ்சின் வேகம் இறங்கத் தொடங்குகிறது. ஏற வேண்டிய நேரத்தில் இறங்குகிறது. அந்த நிலையில் கிளட்சைப் பட்டென்று விட்டால் சக்கரங்கள்தான் எஞ்சினை இழுத்து மேலே ஏற்ற வேண்டும். அதற்கான ஆற்றல் காரின் ஓட்டத்திலிருந்து பிடுங்கப்படுகிறது. காரின் மூக்கு கீழே குத்துகிறது, உங்கள் தலை முன்னே சாய்கிறது, கிளட்ச் தகடு தேய்கிறது. ஓடுகிற பஸ்ஸில் ஏறுகிறவர் கூடவே நாலு எட்டு ஓடிவிட்டுத்தான் படியில் கால் வைப்பார். நின்றபடியே கம்பியைப் பிடித்தால் தோள் கழன்றுவிடும். எஞ்சினும் முன்கூட்டியே ஓடி வேகத்தைப் பிடித்துக்கொள்வதுதான் ரெவ் மேட்சிங்.

அந்த உதறல் எவ்வளவு பெரியது என்பதற்கும் ஒரு கணக்கு உண்டு. கியர்பாக்ஸுக்குப் பிறகு, சக்கரங்களுக்குச் சுழற்சியைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியலிலும் ஒரு விகிதம் உண்டு; 370 இஸட்டில் அது 3.692. இரண்டாம் கியரோடு சேர்த்துப் பெருக்கினால் சுமார் 8.6. சக்கரம் ஒரு சுற்று சுற்ற, எஞ்சின் 8.6 சுற்று. எஞ்சினும் அதோடு சேர்ந்து சுழலும் கனமான ஃப்ளைவீல் சக்கரமும் தங்கள் வேகத்தை மாற்ற மறுக்கும் அந்தச் சோம்பல், சக்கரத்தின் பக்கமிருந்து பார்த்தால் 8.6 மடங்கு அல்ல, 8.6-இன் வர்க்கம்: ஏறத்தாழ 74 மடங்கு. மூன்றாம் கியரில் இதுவே 36. கியர் இறங்க இறங்க உதைப்பு ஏன் இத்தனை கடுமையாகிறது என்பது இந்த வர்க்கத்தில்தான் இருக்கிறது. போதாததற்கு இது பின்சக்கர இயக்கக் கார். வளைவுக்கு முன் பிரேக் பிடிக்கும்போது எடை முன்னே சாய்ந்து பின்சக்கரங்கள் லேசாகிவிடும். அந்த நேரம் பார்த்து இந்த உதை வந்தால் பின்பக்கம் பிடியை இழந்து வழுக்கும்.

தீர்வு பழையதுதான்: ஹீல் அண்ட் டோ. வலது பாதத்தின் முன்பகுதி பிரேக்கை அழுத்தியபடியே இருக்கும். இடது கால் கிளட்சில். லீவர் நியூட்ரலைத் தாண்டும் அந்தக் கணத்தில் வலது பாதத்தை லேசாகப் புரட்டி, அதன் வெளிவிளிம்பால் ஆக்சிலரேட்டரில் ஒரு தட்டு. சொல்ல ஒரு வரிதான். பாதம் புரளும்போது பிரேக்கின் மேல் இருக்கும் அழுத்தம் கூடவோ குறையவோ கூடாது என்பதில்தான் ஆள் மாட்டிக்கொள்வார். ஆரம்பத்தில் எல்லோருக்கும் தட்டு விழும்போது பிரேக்கும் சேர்ந்தே அமுங்கும்.

2009 மாடலாக வந்த 370 இஸட்டில் நிசான் இந்தத் தட்டலைக் கணினியிடம் கொடுத்தது. மேனுவல் கியர் காரில் இப்படி ஒரு வசதி தயாரிப்புக்கு வந்தது அதுதான் முதல்முறை. இதற்கென்று பெரிய இயந்திரம் எதுவும் சேர்க்க வேண்டியிருக்கவில்லை. ஆக்சிலரேட்டர் பெடலிலிருந்து எஞ்சினுக்கு இரும்புக் கம்பி போன காலம் எப்போதோ முடிந்துவிட்டது; எஞ்சினுக்குள் காற்றை விடும் த்ராட்டிலைத் திறப்பது மின்மோட்டார், உத்தரவு கொடுப்பது எஞ்சினின் கணினியான ஈசியூ. கிளட்ச் மிதிக்கப்பட்டதா, காரின் வேகம் என்ன, இரண்டும் ஈசியூவுக்குத் தெரியும். தெரியாத ஒன்று, ஓட்டுநர் எந்தக் கியரைத் தேடுகிறார் என்பது. அதற்குத்தான் லீவரின் நகர்வைக் கவனிக்கும் சென்சார். லீவர் இரண்டாம் கியரின் பக்கம் சாயத் தொடங்கியதுமே ஈசியூ மேலே பார்த்த அதே பெருக்கலைச் செய்து, த்ராட்டிலைத் திறந்து, ஆர்பிஎம் முள்ளை 5,700-க்கு ஏற்றி நிறுத்துகிறது. ஐந்திலிருந்து மூன்றுக்குத் தாவினாலும் கணக்கு அதேதான். கியரை ஏற்றும்போது எஞ்சின் தேவைக்கு மேல் இறங்கிவிடாமல் தாங்கிப் பிடிக்கவும் செய்கிறது.

இது செய்யாதவற்றையும் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் இங்கே குழப்பம் அதிகம். கிளட்சை மிதித்திருக்கும்போது எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் தொடர்பு இல்லை. அப்போது நீங்கள் தட்டினாலும் கணினி தட்டினாலும் கியர்பாக்ஸின் உள்ளே இருக்கும் சின்க்ரோமெஷுக்கு ஒரு உதவியும் இல்லை. அது தன் உராய்வு வளையத்தைக் கொண்டு தானேதான் தண்டுகளின் வேகத்தைச் சமன் செய்தாக வேண்டும். இதனால் குறைவது கிளட்ச் தகட்டின் தேய்மானம்தான். சின்க்ரோவுக்கும் சேர்த்து உதவ வேண்டுமென்றால் நியூட்ரலில் ஒருமுறை கிளட்சை விட்டு ரேஸ் கொடுக்க வேண்டும். சின்க்ரோமெஷ் இல்லாத பழைய லாரிகளை ஓட்டியவர்கள் போட்ட டபுள் கிளட்ச் அதுதான்.

இன்னொன்று, தவறான கியரிலிருந்து இது காப்பாற்றாது. மூன்றில் 7,000 வரை விரட்டி, நான்குக்கு இழுக்கும் அவசரத்தில் கை கொஞ்சம் சாய்ந்து லீவர் இரண்டில் விழுந்துவிட்டால், சக்கரங்கள் எஞ்சினை 10,000 ஆர்பிஎம்முக்கு இழுக்கும். இந்த எஞ்சினின் எல்லை 7,500. ஈசியூ அதற்கு மேல் ரேஸ் கொடுக்காமல் இருக்கலாம், ஆனால் கிளட்சை விடும் உங்கள் காலைத் தடுக்க அதனிடம் ஒன்றுமில்லை.

சரி, ஓட்டுகிற சுகம் இதனால் போகிறதா? நன்றாகச் செய்த ஹீல் அண்ட் டோவில் ஒரு வேடிக்கை உண்டு: அது சரியாக விழுந்தால் எதுவுமே நடக்காது. உதறல் இல்லை, இழுப்பு இல்லை, சத்தம் மட்டும் ஒரு படி ஏறும். அந்த 'ஒன்றும் நடக்காமை'தான் பரிசு. எத்தனை ஆர்பிஎம் வேண்டும் என்று நீங்கள் போட்ட ஊகம் சரி என்று கார் சொல்லும் பதில் அது. கணினி தட்டும்போதும் அதே வழுவழுப்பு கிடைக்கிறது, ஒவ்வொரு முறையும் கிடைக்கிறது. ஆனால் அது உங்களைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. புகார் சொல்பவர்கள் இழந்ததாக நினைப்பது இதைத்தான், அதில் நியாயம் இருக்கிறது. அதற்காக இதை ஏமாற்று என்று சொல்வதை நான் ஏற்கமாட்டேன். பந்தயத் தடத்தில் புதிதாக ஓட்டுபவருக்குப் பிரேக் புள்ளியையும் வளைவின் கோட்டையும் கவனிக்கவே மூளை போதாது; காலின் ஒரு வேலையை வேறொருவர் பார்த்துக்கொண்டால் நல்லதுதான்.

என்னைக் கேட்டால் விஷயம் இந்த வசதியில் இல்லை, அதை அணைக்கும் பொத்தான் எங்கே இருக்கிறது என்பதில்தான் இருக்கிறது. 370 இஸட்டில் அது கியர் லீவருக்குப் பக்கத்திலேயே இருந்தது. 2014 மாடல் கார்வெட் ஸ்டிங்ரேயின் ஏழு கியர் மேனுவலில் ஸ்டியரிங்கின் பின்னால் துடுப்புகள் உண்டு. ஆட்டோமேட்டிக்கில் கியர் மாற்றும் அதே துடுப்புகள் இங்கே ரெவ் மேட்சிங்கை இயக்கவும் அணைக்கவும் பயன்பட்டன. விரலை அசைத்தால் போதும், ஒரு வளைவுக்கு நீங்கள், அடுத்ததற்குக் கணினி. ஹூண்டாய் ஐ30 என் காரிலும் ஸ்டியரிங்கிலேயே பொத்தான். அதே 2014-இல் வந்த பிஎம்டபிள்யூ எம்3, எம்4 கார்களிலோ, நீங்களே தட்ட விரும்பினால் வழுக்காமல் காக்கும் ஸ்டெபிலிட்டி கன்ட்ரோலை முழுதாக அணைக்க வேண்டியிருந்தது. காலுக்குப் பயிற்சி கொடுக்க நினைப்பவரிடம் பாதுகாப்பு வலையை விலையாகக் கேட்பது எந்த ஊர் நியாயம்?

நம் ஊர் வாசகர்களுக்கு ஒரு குறிப்பு. டொயோட்டா தன் ரெவ் மேட்சிங்கை ஐஎம்டி என்று அழைக்கிறது. 2020-இல் ஹூண்டாய் வென்யூவில் வந்த ஐஎம்டி வேறு: அதில் கிளட்ச் பெடலே கிடையாது, லீவரைத் தொட்டதும் கிளட்சை ஒரு மோட்டார் விலக்கிவிடும்.

டொயோட்டாவே ஜிஆர் கரோலாவுக்கு ரெவ் மேட்சிங்கைக் கொடுத்துவிட்டு, ஜிஆர்86-க்குக் கொடுக்கவில்லை. மாஸ்டா எம்எக்ஸ்-5 காரிலும் இல்லை. இந்த வசதி உள்ள காரை வைத்திருப்பவர்களுக்கு ஒரு யோசனை: முதலில் அதை ஓடவிட்டு, நீங்கள் வழக்கமாகக் கியர் இறக்கும் வேகத்தில் முள் எங்கே போய் நிற்கிறது, சத்தம் எந்த உயரத்துக்கு ஏறுகிறது என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் அணைத்துவிட்டு, காலியான நேர்ச்சாலையில், பிரேக்கைத் தொடாமல் நான்கிலிருந்து மூன்றுக்கு இறங்கிப் பாருங்கள். 370 இஸட்டில் அது 4,000-இலிருந்து 5,100-தான், தட்டு கொஞ்சம் தப்பினாலும் உதை பெரிதாக இருக்காது. பிரேக்கையும் சேர்த்துக்கொள்வது அது கைவந்த பிறகு.