ஒரே தோளில் 44 இன்னிங்ஸ்

தோள்வலி என்று வரும் பையன்களிடம் ஸ்கேன் இருக்கிறதா என்று கேட்பதற்கு முன்னால், "தம்பி, எத்தனை டீமுக்கு பவுலிங் போடுறே?" என்றுதான் கேட்பேன். பதிலைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு 1903 அக்டோபர் ஞாபகம் வரும்.

அந்த மாதம்தான் அமெரிக்க பேஸ்பாலில் இன்றைய வேர்ல்ட் சீரிஸின் முதல் தொடர் நடந்தது. பாஸ்டனுக்கும் பிட்ஸ்பர்க்குக்கும் போட்டி. முதலில் ஐந்து ஆட்டம் ஜெயிப்பவருக்குப் பட்டம். பிட்ஸ்பர்க்கில் அந்த ஆண்டு 25 ஆட்டங்களை வென்ற பிட்சர் (பந்து வீசுபவர்) சாம் லீவர், துப்பாக்கி சுடும் போட்டிக்குப் போய்த் தோளைக் கெடுத்துக்கொண்டார். இரண்டாம் ஆட்டத்தில் ஒரே இன்னிங்ஸோடு வெளியேறினார். (பேஸ்பாலில் எதிரணியின் மூன்று பேரை அவுட்டாக்கினால் பிட்சருக்கு ஒரு இன்னிங்ஸ்; ஓர் ஆட்டத்துக்கு வழக்கமாக ஒன்பது.) 16 ஆட்டம் வென்ற எட் டோஹெனிக்கு மனநிலை பாதித்தது. தொடர் முடிவதற்குள் அவரை மனநலக் காப்பகத்தில் சேர்த்துவிட்டார்கள். அவர் திரும்ப விளையாடவே இல்லை.

மிச்சம் இருந்தவர் டீக்கன் பிலிப்பி. அக்டோபர் 1, 3, 6 தேதிகளில் வீசி மூன்றையும் ஜெயித்தார். அப்புறம் 10, 13. இரண்டிலும் தோல்வி; பாஸ்டன் 5-3 என்று பட்டத்தைத் தட்டிக்கொண்டு போனது. ஐந்து ஆட்டத்தையும் கடைசிவரை அவரே வீசினார். 13 நாளில் 44 இன்னிங்ஸ். ஒரே வேர்ல்ட் சீரிஸில் அதற்கு மேல் இதுவரை யாரும் வீசியதில்லை.

வீரம்தான், மறுக்கவில்லை. ஆனால் அதே பிலிப்பி 1905லும் 20 ஆட்டம் ஜெயித்தார் என்பதுதான் என் தொழிலுக்குத் தலைவலி. "அவருக்கு ஒண்ணும் ஆகலியே சார்!" என்பார்கள், கதையைக் கேட்பவர்கள். தாங்கியவர்களின் பெயர்தான் சாதனைப் பட்டியலில் நிற்கும். தாங்காதவர்கள் என் கிளினிக்கில் உட்கார்ந்திருப்பார்கள்.

போன மாதம் வந்தவனுக்குப் பதினான்கு வயது. மல்லாக்கப் படுக்கவைத்து, முழங்கையை மடக்கி, முன்கையை உள்பக்கமாகச் சாய்த்துப் பார்த்தேன். இடது கை லேசாக இறங்கியது. பந்து போடும் வலது கை பாதியிலேயே நின்றுவிட்டது. தோள் இப்படி இறுகினால் வலி தோளோடு நிற்காமல் முழங்கைக்கும் இறங்கலாம். வீசிய மறுநாளும் வலி இருந்தாலோ, வேகம் குறைந்தாலோ, தலை வாரக் கை தூக்கும்போது முகம் சுளித்தாலோ, ஐஸ் வைத்துவிட்டு மறுபடி அனுப்பாதீர்கள்.

அமெரிக்காவில் லிட்டில் லீக் என்ற சிறுவர் பேஸ்பால் அமைப்பு 2007 முதல் பந்துகளையே எண்ணுகிறது. 11, 12 வயதுக்கு ஒரு நாளைக்கு 85தான். 66ஐத் தொட்டாலே நான்கு நாள் ஓய்வு. சரி, பிலிப்பிக்கு ஒரே அணி. எவ்வளவு வீசினார் என்பது அந்த அணிக்காவது தெரியும். என்னிடம் வந்த பையனுக்குப் பள்ளி, அகாடமி, ஞாயிற்றுக்கிழமை டோர்னமென்ட் என்று மூன்று. ஒவ்வொரு கோச்சும் தன் ஓவரை மட்டும் எண்ணியிருக்கிறார்.

அப்பாவையே கூட்டிப் பார்க்கச் சொன்னேன். போனில் தட்டினார், மறுபடியும் தட்டினார். ஒரு வாரத்தில் 58 ஓவர். பையனைத் திரும்பிப் பார்த்து, "ஏன்டா சொல்லலை?" என்றார். "நீங்க கேக்கலியேப்பா" என்றான்.